சில கடிதங்கள் போகின்றன, சில திரும்புகின்றன: ஹட்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் சேவையகச் சிக்கல்

கொட்டகலை_மழை:

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் இயங்கும் ஒரு சிறிய கல்வி உதவி நிதியத்தின் கணினி வேலைகளைச் சம்பளமின்றிக் கவனித்து வருகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதாந்தம் ஒரு சிறு தொகை கொடுக்கிறோம்; அது பற்றிய அறிவித்தல்களையும் நேர்முகத் தெரிவுக்கான அழைப்புகளையும் மின்னஞ்சலில் அனுப்புகிறோம். லயத்து வீட்டில் மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கொழும்பில் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் அண்ணனின் அல்லது அக்காவின் ஜிமெயில் முகவரிதான் விண்ணப்பப் படிவத்தில் இருக்கும். அவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். ஆகையால் ஒரு கடிதம் தவறினால், அது தவறியது என்பதே எவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. கடந்த மாதம் தலவாக்கலைப் பக்கத்து மாணவி ஒருவர், நேர்முகத் தெரிவு முடிந்து நான்கு நாட்களுக்குப் பின், எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டு அலுவலகப் படியேறி வந்தார். அவருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்து, எவரும் திறந்து பார்க்காத ஒரு பெட்டியில் கிடந்தது.

சேவையகம் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரம். டெபியன் 12 இயங்குதளம், கடிதங்களை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், அவற்றைப் பெட்டியிலிருந்து வாசிக்கத் தரும் டவ்கொட், கடிதங்களில் மின்கையொப்பமிடுவதற்கு ஓபன்டிகிம் ஆகியவை அதில் இயங்குகின்றன. எங்கள் பெயரில் எந்தச் சேவையகங்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோலைக் கொண்ட டிகிம் பதிவும் டி.என்.எஸ். என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் இட்டிருக்கிறேன்; அந்த இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் இன்னும் இடவில்லை. மாதத்தில் இரண்டு தடவை ஏறத்தாழ 180 கடிதங்கள், ஒரே ஸ்கிரிப்டின் மூலம், ஒரே மூச்சில் போகின்றன.

நான் காண்பவை இவை. ஜிமெயிலுக்குப் போகும் கடிதங்களில் சில 550 5.7.25 என்ற எண்ணுடன் திரும்புகின்றன, சில ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. அதே முகவரிக்குக் காலையில் திரும்பிய கடிதத்தை மாலையில் மறுபடி அனுப்பினால் போய்விடுகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றிலும் பாதி, ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்ததாகச் சொல்கிறார்கள். ஹொட்மெயில் முகவரிகளுக்கு ஒன்றுகூடப் போவதில்லை. ஒரு பாடசாலையின் சேவையகம் 450 என்று ஏதோ சொல்லிவிட்டு ஏழெட்டு நிமிடங்கள் கழித்து ஏற்றுக்கொள்கிறது. போதாக்குறைக்கு, எங்களுக்கு வரவேண்டிய சில பதில்களும் வருவதில்லை. கறுப்புப் பட்டியலில் இருக்கிறோமா என்று குப்பைக் கடிதம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸைச் சேவையகத்திலிருந்தே கேட்டுப் பார்த்தேன், 127.255.255.254 என்ற விடை வந்தது. அப்படியானால் பட்டியலில் இருக்கிறோம் என்றுதானே பொருள்?

சிங்கப்பூர் முகவரி என்பதால்தான் இத்தனை தொல்லையும் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அலுவலகத்தின் ஃபைபர் இணைப்பிலேயே ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை வைத்து, சேவையகத்தை ஹட்டனுக்கே கொண்டுவந்துவிட்டால் நிலைமை சீராகுமா? அடுத்த தவணை அறிவித்தலுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது.

ஊவாக்காற்று:

தம்பி, சேவையகத்தை இப்போது எங்கும் தூக்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் ஒன்றாகக் கிடக்கின்றன; அவற்றை ஒரே நோயாக எண்ணி ஒரே மருந்தைத் தேடுவதால்தான் சிங்கப்பூர் மீது பழி விழுகிறது. ஒவ்வொன்றாக எடுப்போம்.

காலையில் திரும்பிய கடிதம் மாலையில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. 5.7.25 என்பது, கடிதத்தைக் கொண்டுவரும் ஐ.பி. முகவரிக்குத் தலைகீழ்ப் பெயர்ப் பதிவு, அதாவது பி.டி.ஆர். பதிவு, இல்லை என்றோ, இருந்தும் அந்தப் பெயர் திரும்ப அதே முகவரியைக் காட்டவில்லை என்றோ கூகுள் சொல்லும் மறுப்பு. பதிவு உண்மையிலேயே இல்லாதிருந்தால் எல்லாக் கடிதங்களும் திரும்பியிருக்க வேண்டும். சில மட்டும் திரும்புகின்றன என்றால், உங்கள் இயந்திரம் இரண்டு முகவரிகளிலிருந்து பேசுகிறது. ஒன்று பழைய வகையான ஐ.பி.வி4, மற்றொன்று புதிய, நீளமான வகையான ஐ.பி.வி6. எதிர்முனையில் இரண்டு வகை முகவரியும் இருக்கும்போது போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பிருப்பு அமைப்பில் எதற்கும் முன்னுரிமை கொடுப்பதில்லை. குலுக்கிப் போட்டதைப் போல ஒரு தடவை இதையும் மறுதடவை அதையும் எடுக்கும். ஐ.பி.வி4க்குப் பி.டி.ஆர். வைத்திருப்பீர்கள், ஐ.பி.வி6 முகவரியை மறந்திருப்பீர்கள். சேவையகம் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லொக் கோப்பில், திரும்பிய கடிதங்களின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். எதிர்முனை முகவரி எல்லாவற்றிலும் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான முகவரியாகவே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பி.டி.ஆர். பதிவை உங்கள் டொமெய்னின் டி.என்.எஸ். பக்கத்தில் இட முடியாது. அது முகவரியின் சொந்தக்காரரின் கையில், அதாவது இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்தவரின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும். அங்கே ஐ.பி.வி6 முகவரிக்கும், ஐ.பி.வி4க்குக் கொடுத்த அதே பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயருக்கு உங்கள் டி.என்.எஸ்.இல் இரண்டு முகவரிகளும் இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் ஹலோ சொல்லும்போது கொடுக்கும் பெயரும் அதுவாகவே இருந்தால் நல்லது. அந்தப் பலகையில் அதற்கு வசதி இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பில் நெறிமுறை வரியை ஐ.பி.வி4 மட்டும் என்று மாற்றிவிட்டு, மீளேற்றம் மட்டும் செய்யாமல், நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை; நானே மூன்று வருடங்களாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஸ்பாம்ஹவுஸ் விடைக்கு வருகிறேன். 127.255.255.254 என்பது பட்டியலில் இருக்கிறீர்கள் என்பதல்ல. கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுத் தீர்வியின், அதாவது எல்லோருக்காகவும் டி.என்.எஸ்.இல் தேடித் தரும் சேவையகத்தின், வழியாக வரும் கேள்விக்கு விடை தரமாட்டோம் என்று அவர்கள் அனுப்பும் குறியீடு அது. உண்மையில் பட்டியலில் இருந்தால் 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்ற வகையில் விடை வரும். ஆனால் இதை அத்துடன் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பதில்கள் வரவில்லை என்றீர்களே, போஸ்ட்ஃபிக்ஸில் உள்வரும் கடிதங்களை ஸ்பாம்ஹவுஸிடம் கேட்டு மறுக்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த விடை வந்தாலும் மறுத்துவிடு என்ற பொருளில் அந்த வரி எழுதப்பட்டிருந்தால், மேற்படி மறுப்புக் குறியீட்டையும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு நல்ல மனிதர்களின் கடிதங்களையும் அது வாசலிலேயே திருப்பி அனுப்பும். சேவையகத்திலேயே அன்பவுண்ட் என்ற தீர்வியை நிறுவி, அது டி.என்.எஸ்.இன் வேர்ச் சேவையகங்களிடம் நேரடியாகக் கேட்குமாறு விடுங்கள்.

பாடசாலையின் 450 ஒரு பிரச்சினையே அல்ல. அது கிரேலிஸ்டிங், அறிமுகமில்லாதவர் முதல் தடவை வந்தால் பிறகு வா என்று சொல்லி அனுப்பும் பழக்கம். அதைச் செய்யும் போஸ்ட்கிரே மென்பொருள் இயல்பிருப்பில் 300 வினாடிகள் காக்க வைக்கும். உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே திரும்பிப் போய்த் தட்டுகிறது. 4இல் தொடங்கும் எண் என்றால் காத்திருக்கலாம், 5இல் தொடங்கும் எண் என்றால் கதவு சாத்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாம் பெட்டி விவகாரத்துக்கு, அப்படி விழுந்த ஒரு கடிதத்தின் தலைப்பகுதி முழுவதும் வேண்டும். தொலைபேசிச் செயலியில் அது தெரியாது. எவரையாவது கணினியின் உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் மூலத்தைக் காட்டும் தெரிவை அழுத்தச் சொல்லுங்கள். அனுப்பியவரின் பக்கத்திலிருந்து எத்தனை தடவை பார்த்தாலும் பெறுபவர் என்ன கண்டார் என்பது தெரியாது.

கொட்டகலை_மழை:

அண்ணா, பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். திரும்பிய 31 கடிதங்களும் ஐ.பி.வி6 வழியாகப் போனவை. இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்தவரின் பலகையில் ஐ.பி.வி6 முகவரிக்குப் பெயர் கொடுக்கும் இடம் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது, கொடுத்துவிட்டேன். முந்தாநாளிலிருந்து 5.7.25 ஒன்றுகூட இல்லை. உள்வரும் பக்கத்தில் நீங்கள் சொன்ன அதே வரி இருந்தது; இரண்டு வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு வழிகாட்டியிலிருந்து நான் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுத்தது.

ஸ்பாமில் விழுந்த கடிதத்தின் மூலத்தைக் கொழும்பில் இருக்கும் ஒரு மாணவனின் அக்கா அனுப்பிவைத்தார். எஸ்.பி.எஃப். தேறியிருக்கிறது. டிகிம் தேறவில்லை, திறவுகோல் செல்லுபடியாகாது என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் நான் பதிவை இட்ட அன்றே டி.என்.எஸ்.இல் தேடிப் பார்த்தேன், பதிவு வந்தது. ஓபன்டிகிமும் ஒவ்வொரு கடிதத்திலும் கையொப்பம் சேர்த்ததாக லொக்கில் எழுதுகிறது. ஹொட்மெயிலின் மறுப்பில் 5.7.1 என்ற எண்ணும், உங்கள் வலையமைப்பின் ஒரு பகுதி எங்கள் தடைப்பட்டியலில் இருக்கிறது என்ற வாசகமும், எஸ்3140 என்ற குறியும் இருக்கின்றன. அலுவலகத்தில் ராஸ்பெரி பை பேச்சு இன்னும் ஓயவில்லை.

தேயிலைத்துளிர்:

ராஸ்பெரி பை பேச்சை ஓய வைப்பதற்காகவே எழுதுகிறேன். அப்புத்தளைப் பக்கத்தில் என் வீட்டு அலுமாரியின் மேல் ஒன்றரை வருடம் அப்படி ஒரு சேவையகத்தை ஓட்டியவன் நான். அதில் பட்டதைச் சொன்னால் உங்கள் அலுவலக நண்பர் யோசிப்பார்.

முதலாவது, வீட்டு இணைப்புக்கும் சிறு அலுவலக இணைப்புக்கும் கிடைப்பது பெரும்பாலும் மாறும் முகவரி. அத்தகைய முகவரித் தொகுதிகளை ஸ்பாம்ஹவுஸ் பி.பி.எல். என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அது குற்றவாளிப் பட்டியல் அல்ல. இங்கிருந்து எவரும் நேரடியாகக் கடிதம் கொண்டுவரக் கூடாது, தங்கள் சேவை வழங்குநரின் சேவையகம் வழியாகவே வரவேண்டும் என்ற கொள்கைப் பட்டியல். பலர் அதைப் பார்த்தே மறுத்துவிடுவார்கள். பி.டி.ஆர். பதிவை மாற்றித் தருமாறு நான் சேவை வழங்குநரிடம் கேட்டபோது, நிலையான முகவரிக்கு மாதக் கட்டணம் கட்டினால் பார்க்கலாம் என்றார்கள்; கட்டினேன்; அதன் பிறகு பி.டி.ஆர். என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்குவதற்கு நான்கு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன.

ஆனால் என்னை மண்ணைக் கவ்வ வைத்தது அதுவல்ல, கடிகாரம். நான் வைத்திருந்த பை 4இல் மின்சாரம் இல்லாத நேரத்தில் நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகக் கோப்பில் எழுதி வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். பிறகு இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஒரு ஒக்டோபர் மாதம், பின்னேர இடி மழையில் மரம் விழுந்து, எங்கள் பாதைக்கு ஐந்து நாட்கள் மின்சாரம் இல்லை. வந்த பிறகு எல்லாம் இயங்குவதாகத்தான் தெரிந்தது. தொலைபேசியிலிருந்து நான் அனுப்பிய கடிதங்கள் ஒழுங்காகப் போயின. சேவையகத்தில் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பிய கடிதங்கள் மட்டும் எல்லோரிடமும் ஸ்பாமில் விழுந்தன. ஒரே இயந்திரம், ஒரே முகவரி, ஒரே கையொப்பம். இரண்டு இரவுகள் எஸ்.பி.எஃப். பதிவைத் திருப்பித் திருப்பி எழுதினேன். மூன்றாம் நாள், ஒரு கடிதத்தின் தலைப்பகுதியை மேலிருந்து கீழாக விரல் வைத்து வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது: கடிதத்தின் திகதி வரி செவ்வாய்க்கிழமை என்கிறது, அதைப் பெற்றுக்கொண்ட சேவையகத்தின் வரி ஞாயிற்றுக்கிழமை என்கிறது. தொலைபேசியிலிருந்து எழுதும்போது திகதியைத் தொலைபேசி எழுதுகிறது. ஸ்கிரிப்டிலிருந்து எழுதும்போது அந்தப் பை எழுதுகிறது. ஸ்பாம் அஸாஸின் மென்பொருளில் 96 மணித்தியாலத்துக்கு மேல் பழைய திகதிக்கென்றே ஒரு விதி உண்டு. இணையத்தில் நேரத்தைக் கேட்கும் 123ஆம் போட்டை, அதாவது இணைப்பு வாயிலை, பாதுகாப்பு என்று எண்ணி, தீச்சுவரில் நானேதான் அடைத்து வைத்திருந்தேன்.

மாதம் இருமுறை மின்சாரம் தடுமாறும் ஊரில், யு.பி.எஸ்., நிலையான முகவரி, ரவுட்டர் என்று செலவழிப்பதைவிடச் சிங்கப்பூர் வாடகை மலிவு. கடிதங்களைப் பெட்டியில் சேமித்து வைப்பதற்கு வேண்டுமானால் வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளலாம், வெளியே அனுப்புவதற்கு வேண்டாம்.

இன்னொரு விடயம். அறிவித்தலின் உள்ளடக்கம் என்ன வடிவத்தில் போகிறது? நம் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, அதை அப்படியே கடிதத்தில் ஒட்டுவார்கள். பெறுபவரின் தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதற்குப் பயந்து சிலர் கடிதத்தை ஸ்கேன் செய்து, எழுத்தாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் படத்தை மட்டும் அனுப்புவார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் முதலில் அதை யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஊவாக்காற்று:

துளிர் ஐயா சொன்ன கடிகாரக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் அலுப்பதில்லை.

டிகிம் பற்றி: பதிவு வந்தது என்பது போதாது தம்பி, முழுவதும் வந்ததா என்று பாருங்கள். ஓபன்டிகிம் உருவாக்கிக் கொடுக்கும் கோப்பில் அந்தப் பதிவு அடைப்புக்குறிக்குள், இரட்டை மேற்கோள் குறிகளுக்கிடையே இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். காரணம், டி.என்.எஸ்.இல் ஓர் எழுத்துச் சரத்தின் உச்ச நீளம் 255. 2048 பிட் திறவுகோலோ 392 எழுத்துகள் கொண்டது, ஒரு சரத்தில் அடங்காது. டி.என்.எஸ். பலகையில் ஒட்டும்போது பலர் முதல் இரண்டு துண்டுகளை எடுத்துவிட்டுக் கடைசித் துண்டை விட்டுவிடுவார்கள். சில பலகைகள் 255ஆம் எழுத்தில் தாமாகவே வெட்டிவிட்டு, வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது என்றும் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்கக் கணிதம் வேண்டாம். பதிவின் வால்பகுதியைப் பாருங்கள். வழக்கமான முறையில் உருவாக்கிய 2048 பிட் திறவுகோல் ஐ, டி, ஏ, க்யூ, ஏ, பி என்ற ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்தான் முடியும். உங்களுடையது வேறு ஏதாவது எழுத்தில், வாக்கியத்தின் நடுவில் பேச்சு நின்றதைப் போல நின்றால், மிச்சம் வெளியே விழுந்துவிட்டது. எல்லாத் துண்டுகளையும் மேற்கோள் குறிகளையும் இடைவெளிகளையும் நீக்கி ஒரே நீளமாக்கி ஒட்டுங்கள். பலகை ஏற்காவிட்டால் துண்டுகளை மேற்கோள் குறிகளுடனேயே கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாத பலகை என்றால் 1024 பிட் திறவுகோல் ஒரே சரத்தில் அடங்கும், கூகுளும் அதை ஏற்கும். ஆனால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பிறகு ஓபன்டிகிமின் சோதனைக் கருவியை ஓட்டும்போது, திறவுகோல் பாதுகாப்பற்றது என்ற பொருளில் ஒரு வரி வரலாம். பதற வேண்டாம். உங்கள் டொமெய்னுக்கு, டி.என்.எஸ். பதிவுகளுக்கே கையொப்பமிடும் டி.என்.எஸ்.செக் இல்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. கடைசி வரியில் திறவுகோல் சரி என்று வந்தால் போதும்.

மாத்தளை_மிளகு:

இதுவரை பேசாத இரண்டைப் பற்றி எழுதுகிறேன்.

எஸ்3140 உங்கள் மீதான குற்றச்சாட்டு அல்ல, உங்கள் அயலவர்கள் மீதானது. மலிவு வாடகை இயந்திரங்களின் முகவரித் தொகுதியில் எவனாவது குப்பைக் கடிதம் அனுப்பினால், மைக்ரோசொஃப்ட் தொகுதியோடு சேர்த்து அடைத்துவிடும். அனுப்புநர்களுக்கான உதவிப் படிவம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அதில் உங்கள் ஐ.பி. முகவரி, திரும்பிய கடிதத்தின் முழு வாசகம், என்ன வகைக் கடிதங்களை எத்தனை பேருக்கு அனுப்புகிறீர்கள் என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுங்கள். எனக்கு முதலில், நிவாரணத்துக்குத் தகுதியில்லை என்று இயந்திரம் எழுதிய பதில் வந்தது. அதற்கே பொறுமையாகப் பதில் எழுதிய பிறகு ஒரு மனிதர் பார்த்தார். இரண்டு நாட்களில் திறந்துவிட்டார்கள். ஆனால் படிவத்தை நிரப்புவதற்கு முன் டிகிமைச் சரி செய்துவிடுங்கள். வீட்டைக் கூட்டாமல் விருந்தாளியைக் கூப்பிடக் கூடாது.

இரண்டாவது டிமார்க். 2024 பெப்ரவரி முதல் கூகுளின் விதிகளின்படி, நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்புவோருக்கு முதல் இரண்டில் ஒன்றும், பி.டி.ஆர். பதிவும், மறைகுறியாக்கிய டி.எல்.எஸ். இணைப்பும் போதும். உங்கள் 180 கடிதங்களுக்கு டிமார்க் கட்டாயமில்லை என்றாலும், அதன் அறிக்கைகளுக்காகவே அதை இடச் சொல்கிறேன். கொள்கையை, எதுவும் செய்யாதே என்ற நிலையில் வைத்து, அறிக்கை பெறும் முகவரி ஒன்றைக் கொடுத்தால் போதும். கூகுள் முதலானவர்கள் நாளுக்கொரு சுருக்கிய கோப்பை அனுப்புவார்கள். உங்கள் டொமெய்னின் பெயரில் எந்த ஐ.பி.இலிருந்து எத்தனை கடிதங்கள் வந்தன, எவை தேறின என்று அதில் இருக்கும். பார்க்க அழகாக இராது, ஆனால் உங்கள் அளவுக்குக் கண்ணாலேயே வாசிக்கலாம். உங்களுக்கே தெரியாத ஓர் அனுப்புநர் அதில் தலைகாட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பழைய ஃபோட்டோகொப்பி இயந்திரம் ஒன்று, ஸ்கேன் செய்ததையெல்லாம் சங்கத்தின் பெயரில் தானாகவே அனுப்பிக்கொண்டிருந்தது.

180 கடிதங்களையும் ஒரே நிமிடத்தில் கொட்ட வேண்டாம். மாதத்தில் 28 நாட்கள் வாய் திறக்காத ஒரு முகவரி திடீரென்று கத்தினால் எவருக்கும் சந்தேகம் வரும். போஸ்ட்ஃபிக்ஸில் ஒரே டொமெய்னுக்குப் போகும் கடிதங்களுக்கிடையே தாமதம் வைக்கும் அமைப்பு இருக்கிறது. 10 வினாடிகள் வைத்தால் அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் போய்விடும்.

துளிர் ஐயாவோடு ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். வெளியே அனுப்பும் வேலையை மட்டும் கட்டணம் பெறும் ஓர் இடைச்சேவைக்கு விட்டுவிட்டு, பெறுவதையும் சேமிப்பதையும் நம்மிடம் வைத்துக்கொள்வதே நிதியத்துக்கு நல்லது என்பேன். ஒரு பிள்ளையின் நேர்முகத் தெரிவு நம்முடைய சுயசார்பு ஆசையில் தொங்கக் கூடாது.

தேயிலைத்துளிர்:

அதில் எனக்கு மறுப்பில்லை மிளகு. ஆனால் இடைச்சேவைக்குப் போனாலும் டிகிம், எஸ்.பி.எஃப். பதிவுகளை இவர்தான் இட வேண்டும். இட்டதை வாலிலிருந்து சரிபார்க்கவும் இவர்தான் வேண்டும். முதலில் இதைச் சரி செய்யட்டும். எஸ்.பி.எஃப். பதிவு எப்போதும் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள் தம்பி. நாளைக்கு இடைச்சேவையைச் சேர்க்கும்போது, அவர்கள் கொடுப்பதை இரண்டாவது பதிவாக இட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். பழைய பதிவுக்குள்ளேயே புகுத்த வேண்டும்.

கொட்டகலை_மழை:

பதினொரு நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இடையில் நான்கு நாட்கள் பாதை மண்சரிவால் மூடியிருந்ததால் அலுவலகம் போக முடியவில்லை.

டிகிம் பதிவின் வாலைப் பார்த்தேன். அண்ணா சொன்ன ஆறு எழுத்துகள் இல்லை. ஒரு சிறிய எழுத்தில் அந்தரத்தில் நின்றது. கோப்பின் மூன்றாவது துண்டை நான் ஒட்டவே இல்லை. முழுவதையும் ஒரே நீளமாக ஒட்டியதும் அன்று மாலையே ஜிமெயிலில் மூன்றும் தேறின என்று வந்தது. பாமினிப் பிரச்சினை எங்களிடம் இல்லை, ஆனால் அறிவித்தல் ஸ்கேன் செய்த படமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எழுதுவினைஞர் அக்காவோடு இருந்து அதைத் தட்டச்சு செய்து எடுத்தோம். மைக்ரோசொஃப்ட் படிவத்துக்கு, மிளகு அண்ணா சொன்னபடியே முதலில் தகுதியில்லை என்ற பதிலும், மறுபடி எழுதிய பின் திறந்துவிட்டோம் என்ற பதிலும் வந்தன.

டிமார்க் அறிக்கையில் தெரியாத ஒருவர் உண்மையாகவே தலைகாட்டினார். எங்கள் இணையத்தளத்தை நிறுவிக்கொடுத்தவர், நன்கொடைக்கான பற்றுச்சீட்டுகள் இணையத்தளம் இருக்கும் பகிர்வுச் சேவையகத்திலிருந்து நேரடியாகப் போகுமாறு அமைத்திருக்கிறார். இரண்டு வருடங்களாக எங்கள் பெயரில் கையொப்பமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. இப்போது அது 587ஆம் போட்டில் கடவுச்சொல்லுடன் எங்கள் சேவையகத்துக்கு வந்து, இங்கிருந்து கையொப்பத்துடன் போகிறது. திரும்பும் கடிதங்கள் எவரும் பார்க்காத பெட்டிக்குப் போனது, ஸ்கிரிப்ட் சேவையகத்தின் நிர்வாகி முகவரியை அனுப்புநராக வைத்ததால். அதை அலுவலகத்தின் பொது முகவரிக்கு மாற்றிவிட்டேன். இடைச்சேவை பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ராஸ்பெரி பை பற்றி எவரும் பேசவில்லை.

தலவாக்கலை மாணவிக்குத் தனியாக ஒரு நேர்முகத் தெரிவு வைத்தார்கள். நேற்று இரவு தவணை அறிவித்தல், 10 வினாடி இடைவெளியில், 183 பேருக்குப் போனது. இரண்டு மட்டும் திரும்பின. லொக்கைப் பார்த்தேன்: இரண்டும் ஜிமெயில் என்ற பெயரில் எழுத்து இடம் மாறிய முகவரிகள். படிவத்தை எடுத்துப் பார்த்தால் பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தட்டச்சு செய்தது நான்.